மெஷினோட வந்தது

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கிற மனுஷனை இப்பதான் பார்க்கிறேன். அதுவும் உன் அண்ணன்."

கணவர் சொன்னதைக் கேட்டு காய் நறுக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. போனில் அண்ணன் சொன்னதை இவரிடம் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

அண்ணன் கேட்டது ஒன்றுதான். இவள் மகள் காலேஜில் சேர்ந்தபோது அவர் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரின் சி.பி.யூ. மாசக்கணக்காக சர்வீஸ் கடையில் கிடக்கிறது. அதோடு வந்த விண்டோஸ் லைசென்ஸை ஒரு புது மெஷினுக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமாம். புது மெஷினை லைசென்ஸ் இல்லாமல் வாங்கிவிட்டாராம்.

"எந்தக் கடைன்னு மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்லு. ஞாயித்துக்கிழமை நானே போய் எடுத்துக்கறேன்" என்றிருந்தார்.

"செத்த மெஷின்லகூடப் பிடுங்க ஏதாவது மிச்சம் இருக்கான்னு பார்க்கிறார்" என்றார் கணவர்.

"எனக்கே அசிங்கமாத்தான் இருக்கு. அண்ணன் இப்படிக் கேப்பார்னு நினைக்கலை. கடை பேரைச் சொல்லிடுங்களேன், எடுத்துட்டுப் போகட்டும்."

"கடை பேரா? அதெல்லாம் சொல்ல முடியாது."

விருட்டென்று எழுந்து, புது போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆபீசில் கொடுத்ததாம். கீறல் விழக்கூடாதென்று கைக்குட்டையில் சுற்றித்தான் சட்டைப்பையில் வைப்பார்.

வாசலில் மகள் எதிரே வந்தாள். ப்ராஜெக்ட் முடிக்க இன்றைக்கும் தோழி வீட்டுக்குத்தான் போய் வந்தாள். அடுத்த வாரம் கொடுத்தாக வேண்டும்.

"அப்பா, கம்ப்யூட்டர் எப்பப்பா வரும்? அவங்க வீட்டுல இப்பல்லாம் முகத்தைத் தூக்கி வெச்சுக்கறாங்க."

"பார்ட்ஸ் வரணும்மா."

முதல் நாளிலிருந்து இதே பதில்தான்.

மறுநாள் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்ணிடம் பேச்சுவாக்கில் கேட்டார்.

"மெஷினோட வந்த லைசென்ஸா சார்? அது உள்ள இருக்கிற போர்டோட சேர்ந்தது. வேற மெஷினுக்கு மாத்த முடியாது."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். கணவர் அவரை உட்காரக்கூட விடவில்லை.

"மச்சான், விஷயம் தெரியாமப் பேசறீங்க. மெஷினோட வந்த லைசென்ஸ் வேற எங்கேயும் வராது. பொண்ணு மாதிரி புகுந்த வீட்டுக்கெல்லாம் போகாது. பொறந்த இடத்துலயேதான் கிடக்கும்."

"அப்ப அந்தக் கடைக்குப் போயும் பிரயோஜனம் இல்லைங்கறீங்க?"

"துளிகூட இல்லை. அந்தப் பக்கமே போகாதீங்க."

மச்சான் பெட்டியைக் கீழே வைத்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமா மாப்பிள்ளை?"

"சொல்ல என்ன இருக்கு? ஒரு பொருளைக் கொடுத்தா மனசாரக் கொடுக்கணும். அப்புறம் அதுக்கு வால் பிடிச்சுக்கிட்டு வரக்கூடாது. அவ்வளவுதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூடப் பிறந்தவருக்காக இப்படி வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"சரி, விடுங்க" என்று மச்சான் பெட்டியைப் பிரித்தார். கறுப்பாக, பளபளவென்று ஒரு சி.பி.யூ. "இது பாப்பாவுக்கு வாங்கினதுதான். லைசென்ஸும் இவளுக்காகத்தான் கேட்டேன்."

மகள் ஓடிப்போய் மானிட்டர் மேல் போட்டிருந்த துணியை உருவினாள். ஒயர்களை அவளே மாட்டினாள். திரையில் வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரம் எதையோ தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"மாமா, லைசென்ஸ் இருக்கே. ஆக்டிவேட் ஆயிருக்குன்னு போட்டிருக்கு."

"இருக்காது" என்று கணவர் குனிந்து பார்த்தார். இருந்தது. "லைசென்ஸ் இல்லாத மெஷின்னு சொன்னீங்க. பழசுதான் மாறாதே. அப்புறம் இது எங்கேர்ந்து வந்தது?"

மச்சான் மேஜைக்கு அடியில் உட்கார்ந்தார். "மாப்பிள்ளை, இந்த ஒயரைக் கொஞ்சம் பிடிங்க."

அவரும் உட்கார்ந்தார். மச்சானின் குரல் அவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கியது.

"நீங்க சொன்னது சரிதான், லைசென்ஸ் மாறாது. நான் மாத்தினது டப்பாவை மட்டும்தான். உள்ள இருக்கிறது அதே மெஷின். மௌஸ் வாங்கப் போன கடையில விக்கிறதுக்கு வெச்சிருந்தாங்க. ஆன் பண்ணினா பாப்பா பேர் வந்துச்சு. இதைக் கொடுத்தவர் பதிலுக்கு ஒரு போன் எடுத்துட்டுப் போனார்னு கடைக்காரர் சொன்னார். எந்தக் கடைன்னு கேட்டப்பவாவது சொல்லுவீங்கன்னு நினைச்சேன். போகட்டும். தங்கச்சிக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்."

 கணவருக்கு மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வரவே கூச்சமாக இருந்தது.

"அண்ணா, நானும் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்" என்று மேலே அவள் குரல் கேட்டது. "என்னங்க, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. என்னவெல்லாம் பேசிட்டீங்க."

மகள் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, வெளியில வாங்க. மாமாவையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுக்கணும். அந்தப் புது போனைக் கொடுங்க."