கிழக்கு வீட்டு மாவட்டம்

மாவட்டங்களைப் பிரித்துப் பிரித்து, கடைசியில் வீட்டுக்கு ஒரு மாவட்டம் என்றாகிவிட்டது. எங்கள் கிழக்கு வீட்டு மாவட்டத்துக்கு நான்தான் கலெக்டர். மேற்கு எல்லை, பாகப்பிரிவினையின்போது கொழுந்தனார் எழுப்பிய சுவர். வரலாறு, அந்தச் சண்டை. அதற்கப்புறம் இரண்டு மாவட்டத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

புதன்கிழமை காலையில் லேசாகத் தூறியது. மொட்டைமாடிக்குப் போய் மைக்கைப் பிடித்து, மழை காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று அறிவித்தேன். என் மாவட்டத்தில் குழந்தையே இல்லை. இருந்தாலும் ஒரு ஆசை.

அடுத்த நிமிடம் கொழுந்தனார் மகள் இதழினி, சீருடையும் பையுமாகச் சுவரேறிக் குதித்தாள்.

"பெரியம்மா, எங்க மாவட்டத்துல லீவு விடல. நான் இங்கயே குடிவந்துட்டேன்."

வெங்காய பஜ்ஜி போட்டேன். வாசனை எல்லை தாண்டிப் போனது. சற்று நேரத்தில் மேற்கு வீட்டுக் கலெக்டர், சுவர் எழுப்பிய பிறகு முதல்முறையாக, என் வாசலில் நனைந்துகொண்டு நின்றார்.

"அண்ணி, புள்ளைய அனுப்பி விடுங்க."

"மனு வாங்குறது திங்கக்கிழமை மட்டுந்தான் தம்பி."

அவர் சுவரைப் பார்த்தார். பஜ்ஜித் தட்டைப் பார்த்தார்.

"அப்ப திங்கக்கிழமை வரைக்கும் இங்கயே காத்திருக்கேன்" என்று செருப்பைக் கழற்றினார்.