பீரோ மேலிருந்து வந்த பைனாகுலர்

வருஷம் பூராவும் பீரோ மேல் தூசி படிந்து கிடந்த பைனாகுலருக்கு, மலையூருக்கு வந்ததில் தலைகால் புரியவில்லை. தாட்சாயணி அதைக் கண்ணில் வைத்ததுமே துள்ளினாள்.

"ஏங்க, சீக்கிரம் வாங்க! எவ்வளவு பெரிய பறவை! கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு! நம்ம ஊர்ல இதெல்லாம் பாக்க முடியுமா?"

அவள் தோளில் தொங்கிய தண்ணீர் பாட்டில் கிசுகிசுத்தது. "அது செம்போத்துதானே? நம்ம வீட்டு முருங்கை மரத்துல தினமும் வந்து உக்காருமே!"

"ஜன்னல் வழியா நானும்தான் பாக்கறேன்" என்றது பைனாகுலர்.

"அப்ப சொல்லித் தொலையேன்!"

"சொன்னா, இனிமே டூர் எதுக்குன்னு இருந்துடுவாங்க. அப்புறம் நீ சமையல்கட்டுல, நான் பீரோ மேல."

பாட்டில் அந்தப் பறவையை மறுபடி உற்றுப் பார்த்தது.

"நல்லாப் பாத்தா, இது வேற பறவை மாதிரிதான் இருக்கு."