அண்ணியைக் காப்பாற்றியவன்

"இவனைக் காப்பாத்தினது நான். இவன் என்னடான்னா என்னைக் காப்பாத்தினதா ஊரெல்லாம் கதை விடுறான் மாஸ்டர்!"

ரப்பர் உடையைக்கூடக் கழற்றாமல் அலுவலக அறைக்குள் புகுந்தாள் அவள். தரையெல்லாம் உப்புத் தண்ணீர். ஆழ்கடல் டைவிங் பள்ளியை நடத்தும் மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். பின்னாலேயே தலையைத் துவட்டிக்கொண்டு அவளுடைய கொழுந்தன் வந்து நின்றான். அன்று இருவரும் ஜோடியாகக் கடலுக்குள் இறங்கியவர்கள்.

"படகை விட்டு இறங்கினதுமே ஆரம்பிச்சுட்டான். அண்ணிக்குக் காத்து தீர்ந்து போச்சாம், இவர்தான் காத்துக் குழாயைக் கொடுத்து மேல கூட்டிட்டு வந்தாராம். வாட்ச்மேனைக்கூட விட்டு வைக்கல!"

"நடந்ததைத்தானே அண்ணி சொன்னேன்?"

"உனக்கு நடந்தது எது, அளந்தது எதுன்னு என்னைக்குடா தெரிஞ்சிருக்கு?"

அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? பன்னிரண்டு வருடமாகக் கடலில் இறங்குகிறவள் அவள். இந்தப் பயல் போன வருடம் கற்றுக்கொண்டவன். வாயைத் திறந்தால் சுறா இவனுக்கு வழிவிட்டு ஒதுங்கும், ஆமை இவன் பின்னாலேயே வரும். வீட்டில் மாமியார் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். அதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவாள். ஆனால் இது வீட்டுப் பேச்சு இல்லை. புதிதாக வருபவர்களை ஆழத்துக்கு அழைத்துப்போகும் வழிகாட்டி வேலை அடுத்த மாதம் அவளுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. அதில் மண்ணைப் போடப் பார்க்கிறானே, பாவி!

"கீழ என்னம்மா நடந்துச்சு?" என்றார் மாஸ்டர்.

"காத்து தீர்ந்துபோய் பயத்துல இவன் கண்ணு பிதுங்கிச்சு. என் சிலிண்டர்ல ஆபத்துக்குன்னு இருக்கற இன்னொரு குழாயை எடுத்து இவன் வாயில வெச்சேன். தோளைப் பிடிச்சுக்கிட்டு நிதானமா மேல வந்தோம். நல்லா ஞாபகம் இருக்கு."

"நீ என்னப்பா சொல்ற?"

"அதேதான் மாஸ்டர். ஆனா குழாய் என்னோடது, பயந்தது அண்ணி."

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" மேசையில் ஓங்கி அடித்தாள்.

"பொறும்மா. யாரும் பொய் சொல்றாங்கன்னு இல்ல. அவ்வளவு ஆழத்துல சில பேருக்குக் குடிச்ச மாதிரி தலைக்கு ஏறிடும். யாரு யாருக்குக் கொடுத்தாங்கன்னே மாறிப்போயிடும். அப்புறம் சத்தியமே பண்ணுவாங்க."

அவளுக்குக் கொழுந்தன் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஆனாலும் விடவில்லை.

"சரி, பாவம், தலைக்கு ஏறிடுச்சுன்னே வெச்சுப்போம். காத்து எவ்வளவு இருக்குன்னுகூடப் பாக்காம தீர்த்துட்டு நிக்கிற ஆளை நம்பி இன்னொரு உயிரை ஒப்படைக்க முடியுமா? இனிமே ஆழத்துக்கே விடாதீங்க. எங்க வீட்டு ஆளுன்னு தயவுதாட்சண்யம் பாக்க வேணாம்."

"பாக்க மாட்டேன். யாரா இருந்தாலும் சரி," என்று எழுந்தார் மாஸ்டர். "வாங்க, சிலிண்டரைப் பாத்துடலாம்."

வெளியே, கழுவும் தொட்டியருகே, இரண்டு சிலிண்டர்களும் அவரவர் மிதவைச் சட்டையோடு வைத்தது வைத்தபடி கிடந்தன. மாஸ்டர் குனிந்து கொழுந்தனுடைய காற்றுமானியைப் பார்த்தார்.

"இதுல கொஞ்சம் மிச்சம் இருக்கேம்மா."

"அப்போ அந்த மானி கோளாறு!" என்று சீறியபடி அவள் தன்னுடையதை எடுத்துத் திருப்பினாள்.

முள் பூஜ்யத்தில் கிடந்தது.