சாப் குத்திய கடிதம்

“யாருடி அவன்?”

செல்லாயி விளக்குமாற்றோடு நின்றாள். மகள் நவமணி அப்போதுதான் பேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தாள்.

“யாரும்மா?”

“கையும் காலும் குச்சியாட்டம் இருக்கு. வயிறு மட்டும் எப்படிடி முன்னால வருது? எத்தனை மாசம்னு வீரம்மா அக்கா குழாயடியில வச்சுக் கேக்கறாங்க!”

வீரம்மாவின் வாய்க்குப் போன சேதி புந்தோங் வட்டாரம் முழுக்கப் போய்விடும். ஈப்போ டவுன் பஸ்கூட அவ்வளவு வேகமாக ஓடாது.

நவமணி அழுதேவிட்டாள். ஜெயபாலனோடு அவள் ஒரு சினிமாவுக்குக்கூடப் போனதில்லை. அதே பேக்டரியில் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவன். கட்டினால் நவமணியைத்தான் கட்டுவேன் என்று இரண்டு வருஷமாக வீட்டில் மன்றாடுகிறான். அவன் அம்மா கருப்பம்மாள் மசியவில்லை. “ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுக்காரின்னாகூட சரி. பேக்டரிக்காரி என் வாசப்படி மிதிக்கக் கூடாது!” இந்தப் பேச்சும் அவள் காதுக்குப் போனால் கல்யாணம் நடந்த மாதிரிதான்.

மறுநாள் காலையில் செல்லாயி மகளைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். சோதித்துப் பார்த்த நர்ஸ், மிஸ்ஸி சக்கீனா, சிரித்துவிட்டாள்.

“புள்ளையும் இல்லை, ஒண்ணும் இல்லைம்மா. நாப்பத்தாறு கிலோ, எடை சரியாத்தான் இருக்கு. வயித்துல மட்டும் கொழுப்பு. என்ன வேலை பாக்கறே?”

“சட்டை தைக்கிறேன் மிஸ்ஸி. ஏழு மணிக்கு உக்காந்தா ஓவர்டைம் முடிச்சுத்தான் எந்திரிப்பேன். ஒண்ணுக்குப் போக சூப்பர்வைசர்கிட்ட அட்டை வாங்கணும். நாப்பது பேருக்கு ஒரே அட்டை.”

“சாப்பாடு?”

“இனிப்பு டின் பால் ஊத்தின தேத்தண்ணி, அஞ்சு தடவை. பிஸ்கட் நனைச்சுக்குவேன்.”

“தூக்கம்?”

“அஞ்சு மணி நேரம் கிடைச்சா பெரிசு.”

“அப்புறம் வயிறு போடாம என்ன செய்யும்லா? தோட்டத்துல பால் வெட்டியிருந்தா நடந்தாவது இருப்பே. உக்காந்தே கெடக்காதே. இனிப்பைக் கொறை. நேரத்துக்குச் சோறு தின்னு, தூங்கு.”

“அது கெடக்கட்டும் மிஸ்ஸி,” என்று குறுக்கே விழுந்தாள் செல்லாயி. “புள்ளை இல்லேன்னு எழுதி சாப் குத்திக் குடுங்க. வீடு வீடாக் காட்டணும். எங்களுக்கு மானம்தான் பெரிசு!”

முத்திரை குத்திய கடிதத்தோடு வீட்டுக்கு வந்தால், வாசலில் கருப்பம்மாள். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பூ, பழம் எல்லாம் இருந்தது. இரண்டு வருஷமாக நிமிர்ந்தே இருந்த தலை குனிந்திருந்தது.

“கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. கேள்விப்பட்டேன். ‘நீதானாடா’ன்னு கேட்டா, பய வாயே தொறக்கலை. எங்க வீட்டு வாரிசாச்சே! ஊர் வாய் தொறக்கறதுக்குள்ள அடுத்த முகூர்த்தத்துலயே முடிச்சிடலாம்லா.”

இரண்டு வருஷம் ஒழுங்காக இருந்ததற்குக் கிடைக்காத தாம்பாளம், நாலு அங்குல வயிற்றுக்குக் கிடைத்துவிட்டது!

நவமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஜெயபாலன் வேண்டும். ஆனால் இப்படி வேண்டாம்.

“அத்தே, முதல்ல இதைப் படிங்க,” என்று கடிதத்தை நீட்டினாள்.

அது கருப்பம்மாள் கைக்குப் போய்ச் சேரவில்லை. நடுவிலேயே செல்லாயி பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“கரண்டு பில்லு, சம்பந்தி. உள்ள வாங்க.”

பிறகு, இருந்த ஒரே நாற்காலியை மகளுக்கு இழுத்துப் போட்டாள்.

“நீ உக்காரும்மா. டின் பால் தூக்கலா ஒரு தேத்தண்ணி போட்டுத் தாரேன். வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு இப்படி நிக்கலாமா?”