கம்மி என்றால் நல்லது

அவரால் எழ முடியவில்லை.

"கையை ஊன்றாம எந்திரிங்க ஐயா" என்றுதான் டாக்டர் சொன்னார். நெஞ்சில் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, முன்னால் சாய்ந்து பார்த்தார். இடுப்பு கொஞ்சம் கிளம்பியது. பிறகு தொப்பென்று நாற்காலியிலேயே விழுந்தார்.

"டாக்டர் முன்னாலயும் நடிக்கணுமாப்பா?" என்றான் மகன் கதிரேசன்.

டாக்டர் முன்னாலயுமாம்! பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

பின்னால் நின்ற மனைவி செண்பகவல்லி குனிந்து அவருடைய வேட்டியைச் சரிசெய்தாள்.

அவர் கோவில்பட்டி டிப்போவில் பஸ் ஓட்டியவர். பவர் ஸ்டீயரிங் எல்லாம் வராத காலம். வண்டியைத் திருப்ப வேண்டுமானால் தோளும் முதுகும் சேர்ந்து திரும்ப வேண்டும். அந்த ஆளுக்கு இப்போது தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்க வரவில்லை. போன வாரம் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தவர், எழ முடியாமல், பேப்பர் படிக்கிற மாதிரியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் கடைக்காரர் வந்து தூக்கி விட்டார்.

மானம் போயிற்று.

வீட்டில் சொல்லாமலா இருந்தார்? படித்துப் படித்துச் சொன்னார். மகனிடம் அதற்கெல்லாம் ஒரே பதில்தான். ரிப்போர்ட் நார்மல்.

நார்மல்கூட இல்லையாம், பிரமாதமாம். ரத்தத்தில் கிரியேட்டினின் என்று ஒன்று பார்க்கிறார்களே, அது அவருக்கு ரொம்பக் கம்மி. கூட வேலை பார்க்கிறவனின் அப்பா டயாலிசிஸில் கிடந்து செத்ததிலிருந்து கதிரேசனுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே பயம். அது ஏறினால் கிட்னி போச்சு. அப்படியானால் இறங்கினால் கிட்னி ஜோர். சர்க்கரை கம்மி, பிரஷர் கம்மி, கொழுப்பு கம்மி என்றால் சந்தோஷப்படுகிற வீடு, இதற்கும் சந்தோஷப்பட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். மதுரைச் சித்தப்பா கைதட்டுகிற பொம்மை அனுப்பினார். அடுத்த தடவை இன்னும் கம்மி. பால்கோவா வாங்கி வந்தான்.

"சும்மா நடிக்காதீங்கப்பா. உங்க கிட்னிக்கு இருபது வயசு" என்று தோளில் தட்டுவான்.

அவருக்கு வயிறு எரியும். கிட்னியா எழுந்து நடக்கப்போகிறது?

டாக்டர் சின்ன வயதுப் பெண். அவருடைய கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். தொடையைப் பிடித்துப் பார்த்தார். ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தார்.

"இது கம்மியா இருக்குன்னா சந்தோஷப்பட்டீங்க?"

"கம்மின்னா நல்லதுதான டாக்டர்?" என்றான் கதிரேசன்.

"இது சதையிலருந்து வர்றது சார். சதை கரைஞ்சா இதுவும் கொறஞ்சிரும். இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கு. அது சதையை நம்பாம கிட்னியைச் சொல்லும். அதையும் எடுத்துச் சேத்துப் பாக்கலாம். ஆனா காலைத் தொட்டாலே தெரியுதே. அப்பா நடிக்கல."

நடிக்கல.

"கேட்டியாலே?" என்றார் அவர். கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

"என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?"

கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டான். "கிட்னிக்கு ஆகாதுன்னு... கறி, மீன், முட்டை, பருப்பு எல்லாம் நிறுத்திட்டோம். கஞ்சி. ரசம் சாதம்."

"யார் நிறுத்தச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. எல்லாம் பாசம். பாசமாவது மண்ணாங்கட்டியாவது! தினமும் ஜிம்முக்குப் போய்விட்டு வந்து, அவர் கண்ணெதிரே அவித்த முட்டையாக உரித்து உரித்துத் தின்கிறவன், பெற்றவனுக்குக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினான். இவரும் மகன் படித்தவனாயிற்றே என்று வாயைத் திறந்து குடித்தார்.

"வீட்டுல வேற யாருக்கு இதே சாப்பாடு?"

"எனக்குத்தான்" என்றாள் செண்பகவல்லி. "ஒரு ஆளுக்குன்னு தனியா எதுக்குப் பொங்க? இவுகளுக்கு ஊத்துனது போக நான் குடிச்சுக்கிடுவேன்."

"உங்களுக்கு டெஸ்ட் எடுத்தாங்களாம்மா?"

"எனக்கு எதுக்கு டாக்டர்? நான் நல்லாத்தான் இருக்கேன். இவுகளத் தூக்கி விடுறதே நாந்தான."

டாக்டர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். கதிரேசன், டாக்டர் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

செண்பகவல்லி வழக்கம்போல அவருடைய அக்குளுக்கு அடியில் கை கொடுத்தாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

மணிக்கட்டில் கிடக்க வேண்டிய வளையல் முழங்கைவரை ஏறிப்போயிருந்தது. இந்தக் கையைப் பிடித்துத்தான் இத்தனை நாளும் எழுந்திருக்கிறார். வர நேரமாயிற்று என்று ஏசியும் இருக்கிறார். சீ, என்ன மனுஷன் நான் என்று இருந்தது.

"விடு" என்றார். "ஏலே, நீ வந்து தூக்கு. அவ உக்காரட்டும்."

கதிரேசன் தூக்கினான். காலியான நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள்.

வெளியே அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த நோயாளியும் கூட வந்தவர்களும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்கள்.

"வாம்மா, போவோம்" என்றான் கதிரேசன்.

அவளுடைய இரண்டு கைகளும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தன. முன்னால் சாய்ந்து பார்த்தாள்; இடுப்பு கிளம்பவில்லை. பிறகு புதிதாக வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் முன்ன போங்க" என்றாள். "நான் பின்னாலயே வாரேன்."