பேர் இருந்த மூலை

"யாரைக் கேட்டு என் பேரை மறைச்சீங்க?"

பிரிட்டோ பைக்கைக்கூட ஆஃப் பண்ணவில்லை. அஸ்தினாபுரத்தில் அந்த வீட்டு வாசலில் சாவுக்குப் போட்ட ஷாமியானாவை இன்னும் பிரிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்த நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பக்கத்தில் கட்டியிருந்த பேனரில் முனிரத்தினம் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே வலது மூலையில் ஒரு ரோஜாப்பூ. 'பிரிட்டோ கிளிக்ஸ்' என்ற பேர் அந்தப் பூவுக்கு அடியில்தான் இருந்தது.

எட்டு மாசம் முன்னால் முனிரத்தினத்தின் மகள் ஜெயப்ரியா கல்யாணத்தில் பிரிட்டோ எடுத்த படம் அது. அந்தச் சிரிப்புக்காகச் செம்பாக்கம் மண்டபத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்தான். இப்போது பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையை வெட்டியாயிற்று, எடுத்தவன் பேரையும் மூடியாயிற்று.

ஜெயப்ரியா வெளியே வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"மெதுவா பேசு தம்பி. அம்மா இப்பதான் படுத்தாங்க."

"மெதுவா பேசினா யாரு கேக்கறாங்கக்கா? போஸ்ட் போட்டாதான் கேக்கறாங்க."

"அப்ப அது நீ போட்டதுதானா?"

"நான்தான். காலையில பேனரைப் பாத்தேன், போட்டேன்."

ஏரியா ஃபேஸ்புக் குரூப்பில் தன் ஸ்டூடியோ பேரிலேயே போட்டிருந்தான். பேனரைப் போட்டோ எடுத்து, 'அடுத்தவன் உழைப்பைத் திருடும் குடும்பம், உஷார்' என்று மேலே ஒரு வரி. மத்தியானத்துக்குள் இருநூறு பேர் ஷேர் பண்ணிவிட்டார்கள்.

"என் மாமியார் வீட்டுல இருந்து போன் பண்ணிக் கேக்கறாங்க. எங்கப்பா போயி மூணு நாள்தான் ஆகுது தம்பி."

"அதுக்கு நான் என்னக்கா பண்றது? கேமரா என்னுது, எடுத்தது நானு. காப்பிரைட்டும் எனக்குத்தான். யூடியூப்ல எல்லாம் பாத்துட்டுதான் வந்திருக்கேன்."

"நான் தாம்பரத்துல வக்கீல் ஆபீஸ்ல டைப் பண்றேன். காசு குடுத்து எடுக்கச் சொன்னா, போட்டோ எடுக்கச் சொன்னவங்களுது. அப்படி இல்லன்னு எங்கப்பா எழுதிக் குடுத்த காகிதம் ஏதாவது வெச்சிருக்கியா? எடு, பாக்கலாம்."

காகிதமாவது! மொத்தக் கல்யாண ஆர்டரையும் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைத் தட்டி முடித்தவன் பிரிட்டோ.

நாற்காலியில் இருந்த ஒருத்தர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. பிரிட்டோவுக்குக் காது சுட்டது. தப்பு தன் பக்கம் என்று தெரிந்தால் இன்னும் சத்தமாகப் பேசுகிற ஆள் அவன்.

"சரி, போட்டோ உங்களுதாவே இருக்கட்டும். எடுத்தவன் பேரு அங்க இருந்தா உங்களுக்கு என்னக்கா குறைஞ்சு போவுது? நான் பன்னெண்டாவதோட நின்னவன். எனக்குன்னு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான்."

"அதை அம்மாகிட்டயே கேட்டுக்கோ."

கதவுப் பக்கம் சரசு நின்றிருந்தாள். முனிரத்தினத்தின் மனைவி. சத்தத்தில் எழுந்து வந்திருக்கிறாள்.

"யாரு, நம்ம கல்யாணத்துக்குப் படம் புடிச்ச புள்ளயா? வாப்பா. இன்னா, உன் பேரக் காணோம்னு கேக்கறியா? அத மூடச் சொன்னது நான்தான்."

"நீங்களா? ஏம்மா?"

"கடைக்காரன் அப்படியே இருக்கட்டும்னுதான் சொன்னான். நான்தான் அதும்மேல ஒரு பூவ வையிப்பான்னேன். கல்யாண வூட்டுக்குப் போற புள்ள நீ. சாவு பேனர்ல உன் பேரு தொங்கிக்கினு இருந்தா, நாளிக்கு எவன் உன்ன நல்ல காரியத்துக்குக் கூப்புடுவான்? நாலு தெருவுல கட்டி கீது. உன் பேரு இதுல வேணாம்பா."

பிரிட்டோ பைக்கை ஆஃப் பண்ணினான். திடீரென்று ரொம்ப அமைதியாகிவிட்டது.

"அவரு சிரிச்சு வேற படமே இல்லப்பா வூட்ல. ஆதார் கார்டுலகூட மொறைச்சிக்கினு இருப்பாரு. நீதான் எப்டியோ சிரிக்க வெச்சி எடுத்துட்ட. நல்லா இரு. ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போ."

அவள் உள்ளே போனாள். பிரிட்டோவுக்கு ஜெயப்ரியாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அக்கா... அந்தப் போஸ்ட் அம்மாவுக்கு..."

"தெரியாது. தெரியவும் வேணாம். அதை அழிச்சிட்டுக் கிளம்பு தம்பி. உன் பேர் கெட்டா, அவங்க பூ வெச்சதுக்கு அர்த்தம் இல்ல."

டீ வருவதற்குள் பிரிட்டோ கிளம்பிவிட்டான். தெருமுனையில் நிறுத்தி போனை எடுத்தான். ஷேர் முன்னூறைத் தாண்டியிருந்தது. 'வெக்கங்கெட்ட ஜென்மங்க' என்று யாரோ எழுதியிருந்தான். 'விடாத தம்பி, கேஸ் போடு' என்று இன்னொருத்தன். இரண்டுக்கும் காலையில் பிரிட்டோவே லைக் போட்டிருந்தான்.

அழிப்பது ஒரு தட்டில் முடிகிற வேலை. போட்டதும் தெரியாது, போட்டவனும் தெரியாது. முன்னூறு பேர் மனசில் மட்டும் அது திருட்டுக் குடும்பமாகவே இருந்துவிடும்.

பிரிட்டோ அழிக்கவில்லை. மேலே இருந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு வேறு எழுதினான்:

'இவங்க திருடலை. அவங்க காசு குடுத்து எடுத்த அவங்க போட்டோ இது. நான்தான் தெரியாம அசிங்கப்படுத்திட்டேன். ஷேர் பண்ணவங்க இதையும் படிங்க.'

கல்யாண ஆர்டர் போனாலும் போகட்டும் என்று நினைத்தான். பிறகு அதற்குக் கீழே, 'கண்ணீர் அஞ்சலி: முனிரத்தினம் ஐயா. படம்: பிரிட்டோ கிளிக்ஸ், கல்யாணப் போட்டோகிராபர்' என்று சேர்த்தான்.

அந்தப் பேர் இதில் வேண்டாம் என்றுதான் சரசு சொல்லியிருந்தாள்.