கலையாத கோடு

1979 செப்டம்பர் பத்தாம் தேதி, மதுரைக்கு மேற்கே குருவிக்கரட்டின் அடிவாரத்தில், பாறையிலிருந்து உதிர்ந்து குவிந்த கற்களின்மேல் எண்பது அடி நீளத்துக்குச் சிவப்பு பெயிண்டில் ஒரு நேர்கோடு போடப்பட்டது. டிசம்பர் பதினேழாம் தேதி, அந்தக் கோட்டுக்குப் பத்தடி தள்ளி, புதருக்குள் ஒரு கடப்பாரை கிடைத்தது.

"பாத்தீகளா சார்? ஆடு மேய்க்கிறவளுக்குக் கடப்பாரை எதுக்கு?" பஞ்சாயத்துத் தலைவர் தவசி அதை இழுத்து வெளியே போட்டார்.

ஓவர்சியர் சத்தியசீலன் ஒச்சாயியைப் பார்த்தார். அவள் ஆடுகளுக்கு நடுவே நின்றாள்.

"பட்டிக்குக் கம்பு ஊன வச்சிருக்கேங்கய்யா."

"பட்டி ஊருக்குள்ள கெடக்கு. கடப்பாரை இங்க கெடக்கு!"

கரட்டடியில் பள்ளிக்கூடம் கட்டப் பணம் ஒதுக்கியாகிவிட்டது. நூற்றிருபது பிள்ளைகள் உட்காரப்போகும் இடம். மழைக்குக் கல் சரிந்து வருமா என்று தெரியாமல் கையெழுத்துப் போட சத்தியசீலன் மறுத்துவிட்டார்.

கோடு அதற்காகத்தான். மழைக்காலம் கழிந்தும் நேராக இருந்தால் கட்டலாம். கலைந்திருந்தால் பள்ளிக்கூடம் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

ஒச்சாயிக்கு அது மேய்ச்சல் இடம். "இவளே கல்லை உருட்டிவிட்டுட்டு மழை மேல பழியைப் போட்டுருவா சார்" என்று தவசி முதல் நாளே சொல்லியிருந்தார். அன்றைக்கே சத்தியசீலன் அவளைக் கூப்பிட்டு, கோட்டில் ஒரு கல் நகர்ந்திருந்தாலும் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவதாக எச்சரித்திருந்தார்.

"உண்மையைச் சொல்லும்மா. எத்தனை கல்லைப் பேத்த?"

"ஒண்ணுகூட எடம் மாறலைங்கய்யா. நீங்களே பாத்துக்கங்க."

"வாய் மட்டும் வண்டியூர் வரைக்கும் நீளுது," என்றார் தவசி.

"ஒங்க வாய்க்கு என் வாய் எம்புட்டோ தேவல, தலைவரே."

சத்தியசீலன் இரு முனையிலும் இருந்த பெரும்பாறைகளுக்கு இடையே நூலை இழுத்துக் கட்டினார். குனிந்து, ஒவ்வொரு கல்லாகப் பார்த்தபடி எண்பது அடியும் நடந்தார்.

நூலுக்கு நேர் கீழே சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. ஒரு கல்லை அசைத்துப் பார்த்தபோது அதன் அடியில் நசுங்கிய புல் பச்சையாகத் தெரிந்தது. மழை ஈரம்தானே என்று நினைத்துக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போனார்.

சந்தேகம் தீராமல் இன்னொரு முறையும் நடந்தார். பிறகு பாறைமேல் காகிதத்தை வைத்து, 'கற்கள் சரியவில்லை. கட்டடம் கட்டலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தவசி காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இப்பவே ஆபீஸ்ல குடுத்துடுறேன் சார். நாளைக்கே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆள் விட்டுருவேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். மதுரை பஸ் நின்று, அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

சத்தியசீலன் ஒச்சாயியிடம் வந்தார். மூன்று மாதமாக அவளை முறைத்துப் பார்த்தது அவருக்கு உறுத்தியது.

"உன்னைத் தப்பா நெனைச்சுட்டேம்மா. மனசுல வச்சுக்காத."

"அப்ப போலீசு வராதுல்லங்கய்யா?"

"எதுக்கு வரணும்? நீதான் ஒரு தப்பும் பண்ணலையே."

அவள் நெஞ்சில் கைவைத்து மூச்சை விட்டாள்.

"பயந்தே போயிட்டேங்கய்யா. போன வாரத்து மழையில, பள்ளிக்கூடத்துக்கு முளை அடிச்ச எடம் வரைக்கும் பதினேழு கல்லு உருண்டு வந்து கெடந்துச்சு. ஒண்ணு விடாம நான்தான் ஏத்திக் கோட்டுல வச்சேன்."